கொண்டல் என்று ஒருத்தி

"ஒங்க சிநேகிதி போயிட்டாவ, டீச்சர்" என்றாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்ற பெண். பெயரைச் சொல்லவில்லை. சொல்லாததால்தான் யாரென்று எனக்கு உடனே தெரிந்தது. தூத்துக்குடியில் எனக்குச் சிநேகிதிகள் பலர் உண்டு. பெயரைச் சொல்ல ஊரே தயங்கும்படி ஒருத்திதான் இருந்தாள். எங்கள் தையல் டீச்சர் கொண்டல். சில நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

அவளோடு பழகிய உங்களில் பலருக்கும் அந்தப் பெயர் வந்த கதை தெரிந்திருக்காது. அவள் தகப்பனார் தோணித் தண்டல். கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் பாய்த்தோணியை நடத்தியவர். ஒருமுறை திரும்பும் வழியில் காற்றே இல்லாமல் நடுக்கடலில் தோணி நின்றுவிட்டது. குடிதண்ணீர் தீரப்போகும் நேரத்தில் கிழக்கே கொண்டல் காற்று எழும்பி அவரைக் கரைசேர்த்தது. வீட்டுக்குள் நுழைந்தால் பெண் பிறந்திருக்கிறது. கோயிலில் சாமியார் கத்தரீனாள் என்று ஞானஸ்நானம் கொடுத்தார். தகப்பனாருக்கு அவள் கொண்டல்தான்.

அதைக் கூப்பிடுவதற்கும் ஒரு முறை இருந்தது. 'கொண்' என்று தாழத் தொடங்கி, 'டல்' என்பதைக் கடலைப் பார்த்து இழுத்துவிட வேண்டும். கடைசி எழுத்து காதில் விழுமுன் காற்றோடு போய்விடும். ஆனால் தெருவிலிருந்து ஒரு தோணி கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டால் யாரும் அந்தப் பெயரை எடுக்கமாட்டார்கள். போகிற தோணிக்குக் கொண்டல் எதிர்க்காற்று. கூப்பிட்டால் வந்துவிடுமோ என்று பயம். தோணி திரும்பும் நாள் நெருங்கினால்தான் பெயர் மறுபடி புழங்கும். மற்ற நாளெல்லாம், எந்தப் பெண்ணையும் கூப்பிடுவதுபோல, அவள் வெறும் 'ஏளா'.

நான் நாசரேத்துப் பக்கத்துக்காரி. பனங்காட்டுக் காற்றைத் தவிர வேறு காற்று அறியேன். வந்த புதிதில் அவள் தெருவில் நின்று வாய் நிறையக் கூப்பிட்டேன். நாலு வீட்டுக் கதவு திறந்தது. அவள் அம்மா ஓடிவந்து, தோணி போயிருக்கிறது, மெல்லப் பேசுங்கள் என்றார். காற்றுக்குக் காது இருக்கிறதா என்று கேலி செய்தேன். கொண்டல் சிரித்தாள். "காத்துக்கு இருக்கோ என்னமோ, எனக்கு இருக்குல்லா டீச்சர். யாராவது கூப்பிட மாட்டாவளான்னு இருக்கும்."

யுத்த காலத்தில் ஒருமுறை, கொழும்பை விட்டுப் புறப்பட்ட அவள் புருஷனின் தோணி வரவே இல்லை. ஓர் இலை அசையவில்லை. கடல் ஏடு படிந்த பாலாய்க் கிடந்தது. ஒரு பின்மதியம் தெருப்பெண்கள் எல்லாரும் கரைக்குப் போய்க் கிழக்கே பார்த்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் நடுவில் நின்று அழுதாள். ஒவ்வொரு குரலுக்கும் முகம் மலர்ந்துகொண்டும் இருந்தது. கடைசியில் தன் பெயரைத் தானே கூப்பிட்டாள். அது கனவில் நடந்ததோ என்று இன்னும் எனக்குச் சந்தேகம். கொண்டல் அன்று வரவில்லை. அந்த வாரக் கடைசியில் வந்தது, தோணியும் வந்தது. காற்று தன்பாட்டுக்கு வந்தது என்றாள் அவள். அத்தனை பேர் தன் பெயரைச் சொன்னதை நினைத்தால்தான் உறக்கம் வரவில்லையாம்.

அவள் இறந்த அன்று புருஷன் தோணி கொழும்புக்குப் போகும் வழியில் இருந்தது. கோயிலில் கத்தரீனாளுக்காக மன்றாடினார்கள். வீட்டில் மகளே, தாயி என்று அழுதார்கள். பெயர் மட்டும் இல்லை. அது இல்லாமலே பெட்டியை மூடப்போகிறார்கள். எனக்குக் கடலில் தோணியும் கிடையாது, அந்த நம்பிக்கையும் கிடையாது. ஆனாலும் கூப்பிட வாய் வரவில்லை. அந்த மனிதர் கடலில் இருந்தாரே.

அவள் அம்மாதான் எழுந்தார். மருமகன் கடலில் இருப்பது அவருக்குத் தெரியாததா? பெட்டியில் கையை ஊன்றி, மகள் முகத்தைப் பார்த்து, "கொண்டலே" என்று இழுத்துக் கூப்பிட்டார். பிறகு தெருவே கூப்பிட்டது. நானும் கூப்பிட்டேன்.

நேற்று அவள் புருஷன் கரையிறங்கினார். எப்படிச் சொல்வதென்று நாங்கள் தவித்து நின்றோம். அவரே சொன்னார்: "போவும்போது பாதிக் கடல்ல கொண்டல் எதுத்து அடிச்சிச்சு. தெருவுல அவ பேரச் சொல்லுதாவன்னு தெரிஞ்சிச்சு. அவ இருந்தா சொல்ல மாட்டாவளே."

அந்தப் பெயரைக் கூப்பிடும் முறை ஒன்றுதான் அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது. இன்று தெருத்தோணிகள் எல்லாம் கரையில் நிற்கின்றன. நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள்.