கலங்கல் தண்ணீரும் என் வீட்டுக்காரரும்

நிதாய் மொண்டலோடு குடும்பம் நடத்துகிறவளுக்குக் கோவிலே கட்டலாம். எங்கள் வங்காளத்து ஜெசோர் பக்கத்தில் மற்றவர்கள் ஜாடியில் ஊறுகாய் போடுவார்கள். என் வீட்டுக் கண்ணாடி ஜாடிகளில் ஆற்றுத் தண்ணீர்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அதைக் குலுக்கி வைத்துவிட்டு, எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண் படிவதைப் பார்ப்பார். "என்னங்க, பானையில அரிசி இல்ல" என்றால், "இரு, இன்னும் படியல" என்பார். தலையில் அடித்துக்கொள்வதா, அந்த ஜாடியைப் போட்டு உடைப்பதா?

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பள்ளவயல்களில் வருஷக்கணக்காகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதனால் வடக்கே ஆற்றுக்கரையை நாங்களே வெட்டிவிட்டோம். கடல் ஏறும்போது ஆறு வண்டலோடு உள்ளே வரும், வண்டல் படிந்து நிலம் உயரும், பிறகு வெட்டை அடைத்துவிட்டு நெல் போடலாம் என்று ஏற்பாடு. வெட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நிலம் ஜோராக உயர்ந்தது. எங்கள் வயல் தெற்குக் கோடியில்.

இந்த வெட்டைக் கவனிக்கும் கமிட்டிக்குத் தலைவர் தாரக் பிஸ்வாஸ் வடக்குப் பக்கத்துக்காரர். "தண்ணி எல்லார் வயலுக்கும் போச்சு, வண்டலும் எல்லாருக்கும் விழுந்திருக்கும். அடைச்சிரலாம்" என்றார். அடைத்தால் எங்கள் நிலம் ஆயுசுக்கும் குளம்தான்.

அதற்குத்தான் அந்த ஜாடிகள். கனத்த மண் வெட்டு வாயிலேயே விழுந்துவிடுகிறது. எங்களிடம் வருவது மெல்லிய கலங்கல், அது படிவதற்குள் கடல் வற்றும்போது தண்ணீர் திரும்ப இழுத்துக்கொண்டு போய்விடுகிறது என்று கண்டுபிடித்திருந்தார். வாயருகே ஒரு ஜாடி, நடுவே ஒன்று, எங்கள் வயலில் ஒன்று மொண்டு வந்தார். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் குலுக்கி வைத்து, வாயருகே மொண்டது சட்டென்று தெளியும், எங்களுடையது கலங்கியே நிற்கும் என்று காட்டப் போகிறாராம்.

துர்கா மண்டபத்தில் கூட்டம். டீயும் பொரியும் வந்தன. இவர் மூன்றையும் குலுக்கி வைத்தார். டீ ஆறுவதற்குள் மூன்றும் பளிங்காகத் தெளிந்துவிட்டன!

"அட, நிதாய்! உன் ஜாடியே என் பக்கம்தான் பேசுது" என்று தாரக் அண்ணன் சிரித்தார். மண்டபமே சிரித்தது.

இவர் ஜாடியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. "படிகாரம்! எவ போட்டா?"

என் நாத்தனார் ஷெபாலி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். புகுந்த ஊரிலிருந்து விருந்தாட வந்தவள். "நான்தான்டா தம்பி. குடிக்கிற தண்ணி இப்படிக் கலங்கிக் கெடக்கே, உன் பொண்டாட்டிக்கு ஒரு துண்டு படிகாரம் போடக்கூடவா துப்பில்லன்னு நெனச்சேன். நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

எங்கள் பக்கத்தில் கலங்கல் தண்ணீரைக் கண்டால் எந்தப் பெண்ணின் கையும் படிகாரத்தைத்தான் தேடும். அதை மண்டபத்தில் யார் கேட்டார்கள்? "பாவம், தோத்ததும் அக்கா தலையில கட்டுறான்" என்றான் ஒருவன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஜாடி கெடக்கட்டும் அண்ணே. கால் இருக்குல்ல? வந்து எறங்கிப் பாருங்க!"

"ஏம்மா, இந்த வெயில்லயா?"

"நாங்க தண்ணிலயே கெடக்குறோம். உங்களுக்கு வெயில் சுடுதோ?"

நாலு பேர் முன்னால் கேட்டதால் மறுக்க முடியவில்லை. தாரக் அண்ணனைப் படகில் தெற்குக் கோடிக்குக் கூட்டிப்போனோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். ரெண்டு எட்டு வைத்தவர் தடுக்கித் தலைகுப்புற விழப் பார்த்தார்.

"என்னது இது காலைத் தட்டுது?"

"எங்க வரப்பு அண்ணே. வெட்டுறதுக்கு முன்னால நாங்க போட்டது. அதை மூடக்கூட வண்டல் வரல."

அவர் அந்த வரப்பின் மேலேயே மெல்லக் காலால் துழாவிக்கொண்டு நடந்தார். எங்கள் வயல் முடிந்து அடுத்த வயல் வரைக்கும் போனார். பிறகுதான் திரும்பி வந்து படகில் ஏறினார்.

மறுநாளே கமிட்டி முடிவு சொல்லிவிட்டது. வடக்கு வெட்டை அடைப்பது, எங்கள் பக்கம் கரையைப் புதிதாக வெட்டி ஆற்றை விடுவது. இவர் வீட்டுக்குள் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார்.

"ஜெயிச்சாச்சுடி! வண்டல் இனி நேரா நம்ம வயல்லதான் விழும்!"

"எத்தனை வருஷத்துக்கு? அதுவரைக்கும் நெல் ஏது?"

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். வடக்கே அப்போதே நாற்றங்காலுக்கு உழ ஆரம்பித்திருந்தார்கள். மாட்டை அதட்டும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. நான் பையை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"கடைக்குப் போயி அரிசி வாங்கிட்டு வாங்க."