கழுத்துக்குக் கீழே

போட்டோ எடுப்பதற்கு முன்னால் விஜி அக்கா போனின் லென்ஸைச் சேலை முந்தியால் ஒரு துடை துடைப்பார். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் மறந்ததில்லை. துடைத்துக்கொண்டே, "மொகத்த வெட்டிருவேன், நீ நிமிந்து நில்லு ஏட்டி" என்பார்.

நாங்கள் வேலை பார்ப்பது ராஜபாளையத்தில் நைட்டி தைக்கிற ஒரு கம்பெனியில். படம் எடுத்து ஆர்டர் பிடிப்பது அக்காவின் வேலை. நான் இஸ்திரி போடுகிறவள். புது டிசைன் வந்தால் சுடிதாருக்கு மேலே மாட்டிக்கொண்டு படத்துக்கும் நிற்பேன். முகம் மட்டும் வெளியே போகக் கூடாது. மகள் ஆஷிகாவின் பள்ளிக்கூடத்தில் யாராவது பார்த்து அவளைக் கேலி செய்துவிடுவார்களோ என்று பயம்.

ஒரே படத்தை அக்கா மூன்றாக ஆக்குவார். இன்ஸ்டாகிராமுக்குச் சதுரம், ஸ்டேட்டஸுக்கு நெடுக்கு, ஆன்லைன் கடைக்கு வெள்ளைப் பின்னணி. படம் மங்காமல் இருக்க, எங்கள் துணியை வாங்கி விற்கும் பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புவார். அப்படி அனுப்பினால் படம் தெரியாது, அதன் ஃபைல் நம்பர்தான் தெரியும். போன தீபாவளி அவசரத்தில், வெட்டிய படங்களுக்குப் பதிலாக வெட்டாதவை குரூப்புக்குப் போய்விட்டன.

அக்காவே வந்து சொன்னார். என் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை அவர்தான் வாங்கி நிமிர்த்தி வைத்தார்.

குரூப்பில் அழித்தாயிற்று. அதற்குள் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருக்கும் எலினா மட்டும் எடுக்கவில்லை. முதலாளி ரத்தினம் அண்ணாச்சி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், பார்சல் கிடக்கிறது என்றார். அக்கா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அங்கே நடந்ததை, பிறகு சரக்கெடுக்க வந்த எலினாதான் சொன்னாள். முகம் லட்சணமாகத்தானே இருக்கிறது, முகத்தோடு போட்டால் இன்னும் நாலு பேர் வாங்குவார்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதற்கு அக்கா, "அவ நைட்டியக் காட்டத்தான் ஒத்துக்கிட்டா. மொகத்துக்கு ஒத்துக்கல. அழிச்சிரும்மா" என்றாராம். அழிக்கும்வரை கடையைவிட்டு நகரவில்லையாம்.

படம் போன அன்று சாயங்காலம் ஆஷிகா வேனிலிருந்து இறங்கி வந்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும்போலப் பசிக்கிறது என்றாள்.

அதற்குப் பிறகு, வெட்டுவதை அக்கா நம்புவதில்லை. சுவரில் என் கழுத்தளவுக்கு ஒரு டேப் ஒட்டியிருக்கிறார். போனில் தெரிகிற படம் அதற்கு மேலே ஏறாது. நெடுக்குப் படத்துக்கு உயரம் வேண்டுமே என்று கீழே இறக்கி எடுப்பதால், இப்போதெல்லாம் தரையும் என் காலும் நிறைய விழுகின்றன. கொலுசு எங்கே வாங்கியது என்று கேட்டு மெசேஜ் வருகிறது.

நான் இன்னும் படத்துக்கு நிற்கிறேன். என் முகம் எதிலும் இல்லை.