சவர்க்கார நுரையில் கழன்ற காப்புகள்

கிணற்றுக்கட்டின் மேல் பாதி கரைந்த நீலச் சவர்க்காரத் துண்டு ஒன்று கிடந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் வீட்டுக்கார டீச்சரின் கையைப் பார்த்தேன். சமையல் குசினியின் பின்வாசல் படியில் நின்று, மணிக்கட்டு முழுக்க நுரை பூசி, பல்லைக் கடித்துக்கொண்டு காப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்று வந்துவிட்டன, நாலாவது எலும்பில் சிக்கி நின்றது. பக்கத்தில் அவருடைய கணவர், கல்முனை பஜாரில் புடவைக் கடை வைத்திருந்த முதலாளி, கையை நீட்டியபடி நின்றார். நாலாவதும் கழன்றதும் நுரையோடே வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினார். கை கழுவ வந்த நான் வாளியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வாழை மரங்களுக்குப் பின்னால் நழுவிவிட்டேன்.

நான் மேசன், ஊரில் 'பாஸ்' என்று கூப்பிடுவார்கள். அன்று அந்த வீட்டின் மேல்தட்டுக்குக் கொங்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். நாங்கள் அதைப் பிளேட் என்போம். பிளேட் வேலையைத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாது, மழைக்கு அந்தக் கோட்டால் ஒழுகியே தீரும். அன்றைக்கென்று பாதியில் சீமெந்து தீர்ந்துபோனது. முதலாளியிடம் கையில் காசு இல்லை. நான் கூரையில் நின்று கத்திக்கொண்டிருந்தேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்ல முன் சீமெந்து லொறி வந்துவிட்டது. அந்தப் பிளேட் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கீழ் வீடு டீச்சர் பெயரில் அவருடைய வாப்பா எழுதிக் கொடுத்தது. தொட்டிலில் ஒரு மகள் இருந்தாள். அவளுக்கும் நாளைக்கு ஒரு வீடு வேண்டுமே, மேலே எழுப்புவோம் என்று இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் அந்த மேல் வேலை. பிளேட்டோடு நின்றுவிட்டது. தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

நாலைந்து வருடத்தில் அவர்கள் பிரிந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஊர் பத்து விதமாகக் கதைத்தது. தலாக் முடிந்து டீச்சர் இத்தாவில் இருந்தார், அந்நிய ஆண்களின் முன் வராமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. ஆகவே மணவிலக்கு வழக்குகளைத் தீர்க்கும் காதியாரும் பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்காயர் இருவரும் அந்த வீட்டுக்கே வந்தார்கள். கோர்ட்டுக்குப் போகாமல், இருக்கும் சொத்தையும் கடனையும் பேசிப் பிரித்துவிடலாம் என்று நினைத்தார்கள். வீட்டைக் கட்டியவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சர் அறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் இருந்தார்.

முதலாளி அமைதியாகத்தான் பேசினார். "கீழ் வீடு அவட. அதுல எனக்கு ஒண்டும் வேணாம். மேல போட்டது எண்ட உழைப்பு. அதுக்குரியதத் தந்தா நான் போறன்."

காதியார் என் பக்கம் திரும்பினார். "பாஸ், கூலிய ஆருட கையால வாங்கின?"

"முதலாளிட கையாலதான் காதியார்."

"சீமெந்து ஆரு கொண்டு வந்த?"

"அதுவும் முதலாளிதான்."

இரண்டும் உண்மை. இரண்டையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கூரையில் நின்று ஊரையே கூப்பிட்ட அதே வாய்தான்!

திரைக்குப் பின்னாலிருந்து டீச்சரின் குரல் வந்தது. வகுப்பில் பாடம் சொல்லும் அதே குரல். "அந்த சீமெந்துக்கு எண்ட உம்மா போட்ட காப்பு நாலும் போன. அவர்ட கடைக்கு எண்ட சம்பளத்துல எடுத்துக் குடுத்த லோனும் இன்னும் கிடக்கு. அத அவர் கட்டட்டும்."

"காப்ப வித்து அவட தம்பிய வெளிநாட்டுக்கு அனுப்பின," என்றார் முதலாளி, கண்ணைக் கூடச் சிமிட்டாமல். "இப்ப என்னில போடுறா."

காதியார் தாடியைத் தடவினார். "காப்பு குடுத்ததக் கண்ட ஆள் ஆரும் இரிக்கா, மகள்?"

நான் என் கால் நகத்தில் ஒட்டியிருந்த சீமெந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்திய கிழமைதான் முதலாளி என்னைப் பஜாருக்குக் கூட்டிக்கொண்டு போய், கடைக்குப் பக்கத்து வெற்று வளவைக் காட்டி, "இதுல மூணு மாடி, ஒனக்குத்தான் பாஸ்" என்றிருந்தார். எனக்கு மூன்று மாதமாக வேலை இல்லை. மனைவி கடன் தந்த கடைக்காரனுக்குப் பயந்து வேறு தெருவால் போய்வந்த காலம். நான் நின்றதை டீச்சர் காணவில்லை, கண்டிருந்தால் சொல்லியிருப்பாரே என்று மனதுக்குள் ஒரு வக்கீல் வாதாடினான். வாழை மரங்களுக்குப் பின்னால் நின்றவனை யார் கண்டது?

நெடுநேரம் கழித்துத் திரை பேசியது. "ஆரும் இல்ல காதியார்."

அவ்வளவுதான். பிறகு எல்லாம் விறுவிறு என்று முடிந்தது. முதலாளி மேல் வேலையில் தன் பங்கை மகளுக்காக விட்டுக்கொடுக்கிறார், அதற்குப் பதிலாக லோன் முழுவதையும் டீச்சரே கட்டிக்கொள்ள வேண்டும் என்று எழுதினார்கள். "பெரிய மனசு" என்று மரைக்காயர்கள் முதலாளியைப் புகழ்ந்தார்கள். தன்னுடையதாக இல்லாத ஒன்றை விட்டுக்கொடுத்து, தன்னுடைய கடனை டீச்சர் தலையில் கட்டிவிட்டார். கையெழுத்துக்காகத் தாளைத் திரையருகே நீட்டினார்கள். ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அந்த மணிக்கட்டில் ஒன்றுமே இல்லை.

மூன்று மாடியை நான்தான் கட்டினேன். அந்தக் காசில் என் பிள்ளைகள் படித்தார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஒரு தடவை காதியார் வீட்டு வாசல் வரை சைக்கிளில் போய், மணியைக் கூட அடிக்காமல் திரும்பி வந்தேன். டீச்சர் வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவார். ஓட்டோவுக்குக் கொடுக்கக் காசில்லை என்பது எனக்குத் தெரியும். எதிரே வந்தால் நான் பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவேன். இப்படியே வருடங்கள் போயின.

போன கிழமை டீச்சர் ஆள் அனுப்பினார். லோன் முடிந்துவிட்டதாம், மகளுக்கு மாப்பிள்ளை பேசி வருகிறார்களாம், மேல் வீட்டைக் கட்டி முடிக்க வேண்டுமாம். ஊரில் எத்தனையோ மேசன்மார் இருக்க, என்னைத்தான் கேட்டார். போய் மேலே ஏறிப் பார்த்தேன். கம்பிகள் துருவேறி நின்றன, பிளேட் கல் மாதிரி இருந்தது. கீழே இறங்கி வந்ததும், "கையக் கழுவிட்டுத் தேத்தண்ணி குடிங்க காக்கா" என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டார். கிணற்றை மூடிவிட்டார்கள். குசினியின் பின்வாசலில் குழாய், அதன் கீழே பிளாஸ்டிக் தட்டில் சவர்க்காரம். வாழை மரங்கள் அதே இடத்தில் நின்றன. டீச்சர் அதே படியில் நின்றார். தலை நரைத்துவிட்டது.

கை முழுக்க நுரையோடு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "இந்த வேலைக்குக் கூலி வேணாம் டீச்சர்."

அவர் வாழை மரங்களின் பக்கம் பார்த்தார்.

"அண்டைக்கு நீங்க வாழைக்குப் பின்னால நிண்டத நான் கண்டன் காக்கா," என்றார். கோபமே இல்லாத குரல். "காதியார் கேட்டநேரம் நீங்களாவே கண்டதச் செல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீங்க செல்லல்ல. பிறகு நான் ஆரும் இல்ல எண்டுதானே செல்ல ஏலும்."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கூலிய வாங்குங்க," என்றார் டீச்சர். "வாங்காட்டி, அதுக்கு இது சரியாப் போச்சு எண்டு நினைச்சிருவீங்க. நாளைக்கு விடிய சுபஹ் தொழுதிட்டு வந்து வேலையத் தொடங்குங்க."

குழாயை அவரே மூடிவிட்டு உள்ளே போனார். நுரை என் கையிலேயே காய்ந்தது.