வெள்ளைக் குவாரியில் இரண்டு கருங்கற்கள்

இது கதையில்லை. நடந்தது. நடந்து இன்னும் இரண்டு மழைக்காலம்கூட ஆகவில்லை. நம்பாதவர்கள் அரியலூர்ப் பக்கம் வந்தால் என் வீட்டுக்கு வாருங்கள். மாட்டுக் கொட்டகையில் காற்றடிக்கும் படகு ஒன்று சுருட்டிக் கிடக்கிறது. அதன் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் போட்ட கறுப்புக் கோடு இன்னும் அழியவில்லை. படகு என் கூட்டாளி இளவரசனுடையது. இனி அதைத் தொடவே மாட்டேன் என்று என்னிடம் தள்ளிவிட்டான். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை.

இளவரசனுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று மீன், இன்னொன்று எடை. கயாக் என்பார்களே, துடுப்புப் போட்டுப் போகும் ஒல்லிப் படகு, அதில் போய்த் தூண்டில் போடுவான். ராத்திரி அங்கேயே தங்கி விடிந்ததும் திரும்புவான். அதற்கு அவன் கட்டும் மூட்டையைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கும். பாரம் குறையட்டும் என்று பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூடப் பாதியாக வெட்டியிருப்பான். அடுப்பு எடுக்க மாட்டான். நங்கூரமும் எடுக்க மாட்டான், காலி வெங்காய வலைப்பை ஒன்றுதான் போகும். "கல்லு இல்லாத ஊரு எது? அதை எதுக்குச் சுமக்கணும்?" என்பான். போகிற இடத்தில் கிடைக்கிற கல்லைப் பையில் போட்டால் அதுதான் நங்கூரம்.

அந்த முறை அவன் தங்கச்சி சத்யாவின் வீட்டுக்காரர் செல்லதுரையும் மீன்சுருட்டி ஊரிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. சத்யா போனில் பாடாய்ப் படுத்திவிட்டாள்.

"அண்ணே, உன்னை நம்பித்தான் அனுப்புறேன். போனபடியே முழுசாக் கொண்டாந்து சேர்த்துடணும்."

"உன் புருஷன யாரு புடிச்சுக்கப் போறா? போனை வை."

போன இடம், வேலை நின்றுபோன சுண்ணாம்புக்கல் குவாரி. மழைத் தண்ணீர் தேங்கி ஏரி மாதிரி கிடக்கும். சுற்றிலும் வெள்ளைச் சுவர். லாரி இறங்கிய பாதை ஒரு பக்கம் சரிந்து அப்படியே தண்ணீருக்குள் போய்விடும். எதிர்ப்பக்கம் சுவரில் வெட்டிவிட்ட அகலமான படி ஒன்று உண்டு. படகில்லாமல் அங்கே போக முடியாது. இளவரசன் கூடாரம் போடுவது அதில்தான்.

கரையில் செல்லதுரையின் பையைத் தொங்குதராசில் மாட்டினான்.

"தலையணை எதுக்கு மாப்ள? மாமியா வூட்டுக்கா வந்திருக்க?"

"கழுத்து புடிச்சுக்கும் மச்சான்."

தலையணை பைக்கோடு நின்றது. செல்லதுரைக்கு மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, இளவரசன் நங்கூரத்துக்குக் கல் தேடினான். குவாரிக் கல் கத்தி மாதிரி இருக்கும், ரப்பர் படகைக் கிழித்துவிடும். அப்போதுதான் தண்ணீர் ஓரத்தில், முழங்கால் ஆழத்தில், மஞ்சள் துணி முடிச்சு ஒன்று அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தான். உள்ளே இரண்டு கருங்கல். ஒன்று பெரிது, உருண்டை. இன்னொன்று சின்னது, தட்டை. இரண்டும் வழவழவென்று.

சுற்றிலும் வெள்ளைக் கல்லே கிடக்கிற குவாரியில் கருங்கல் எப்படி வந்தது என்று அவன் யோசிக்கவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி சந்தோஷம். முடிச்சை அவிழ்த்துத் துணியை வீசிவிட்டு, பெரிய கல்லை வலைப்பையில் போட்டான்.

"இந்தத் தட்டைக் கல்லு நமக்கு," என்றார் செல்லதுரை. "விரால உரசிக் கழுவ ஆகும்." அதைத் தன் தோள்பையில் போட்டுக்கொண்டார்.

மணி ஐந்தே முக்கால். படகு கிளம்பியது. பழக்கப்படி இளவரசன் குனிந்து கோட்டைப் பார்த்தான். இரண்டு பேரும் மூட்டையும் ஏறினால் தண்ணீர் வந்து நிற்கவேண்டிய இடம் அது.

கோடு தெரியவில்லை.

தண்ணீர் கோட்டுக்கு மேலே நான்கு விரல் ஏறியிருந்தது. கையை விட்டுத் தடவிப் பார்த்தான். காற்று இறங்கவில்லை, படகு கல்லு மாதிரி இறுக்கமாகத்தான் இருந்தது.

"மத்தியானம் எத்தனை இட்லி மாப்ள தின்ன?"

இருவரும் சிரித்தார்கள். அதுதான் அன்றைக்குக் கடைசிச் சிரிப்பு.

நடுவில் போய் நங்கூரத்தை இறக்கியதும் படகு சடக்கென்று மேலே வந்தது. ஒரு கல்லின் எடைக்கு அவ்வளவு வராது. இளவரசனுக்கு உள்ளுக்குள் நெருடியது. ஆனால் அதற்குள் தூண்டிலில் விரால் மாட்டிக்கொண்டது, எல்லாம் மறந்துபோயிற்று. இருட்டும் நேரத்தில் நங்கூரத்தைத் தூக்கினான். கயிறு கனத்தது. கிணற்றில் விழுந்த ஆளைத் தூக்குகிற கனம்.

எதிர்ப்படியில் கூடாரம் போட்டார்கள். ஈர விறகு பற்றவில்லை, மீன் அப்படியே கிடந்தது. கொண்டுபோன ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

ராத்திரி இரண்டு பத்துக்கு இளவரசனுக்கு விழிப்பு வந்தது. யாரோ ஆட்டைக் கூப்பிட்டார்கள்.

"ட்ர்ர்... பா... பா..."

பெண் குரல். இந்நேரத்தில் யார் ஆடு மேய்க்கிறார்கள்? மேலே, சுவரின் விளிம்பிலிருந்து என்றுதான் முதலில் நினைத்தான். மறுபடி கேட்டது.

"பா... பா..."

மேலேயிருந்து இல்லை. தண்ணீர் மட்டத்திலிருந்து.

செல்லதுரை அவன் கையை இறுக்கிப் பிடித்தார். அவரும் விழித்துத்தான் கிடந்தார்.

"மச்சான்... கேக்குதா?"

"பேசாத."

களக்... களக்... தண்ணீருக்குள் யாரோ நடக்கிற சத்தம். கூடாரத்துக்கு வெளியே வந்து நின்றது. செல்லதுரையின் பை இருந்த பக்கம்.

இளவரசன் டார்ச்சை அடித்தான். யாருமில்லை. படகுக்குப் பக்கத்தில் வைத்த வலைப்பை மட்டும், வைத்த இடத்தில் இல்லை. கூடார வாசலில் கிடந்தது. சொட்டச் சொட்ட.

"கிளம்பு மாப்ள."

வேறு வழியில்லை, படகில்தான் போகவேண்டும். கைக்கு வந்ததை அள்ளிப் போட்டான். பயத்தில் மனிதன் பழகியதைத்தான் செய்வான், வலைப்பையையும் தூக்கிப் போட்டான்.

பாதி தூரம் வந்திருப்பார்கள்.

படகு அமுங்கியது.

தண்ணீர் விளிம்பைத் தொட்டது. உள்ளே வழிந்தது. செல்லதுரை வாய்விட்டு அழ ஆரம்பித்தார். தங்கச்சி சொன்னது இளவரசன் காதில் அறைந்தது. முழுசாக் கொண்டாந்து சேர்த்துடணும்...

கூடாரத்தைத் தூக்கி எறிந்தான். படகு எழவில்லை.

மீன். தூண்டில். தண்ணீர் கேன்.

எழவில்லை.

"உன் பையைப் போடு!"

"பைக் சாவி இதுலதான் இருக்கு மச்சான்!"

பையை மார்போடு கட்டிக்கொண்டார்.

இளவரசனின் முதுகில் ஈரம் பட்டது. மூச்சு... குளிர்ந்த மூச்சு...

அவன் காலில் வலைப்பை இடறியது. உதைத்துத் தள்ளினான்.

தொப்...

படகு துள்ளி எழுந்தது. வெறி பிடித்தவன் போல் துடுப்புப் போட்டான். கரை. லாரிப் பாதை. செல்லதுரையை இழுத்து மேலே போட்டுவிட்டு டார்ச்சால் கோட்டைப் பார்த்தான். இன்னும் இரண்டு விரல் தண்ணீருக்குள். உள்ளே வழிந்த தண்ணீரின் பாரம் என்று நினைத்தான். அப்படித்தான் நினைக்கத் தோன்றியது.

விடிந்ததும் செல்லதுரை மீன்சுருட்டிக்கு வண்டியை எடுத்தார். முழுசாக அனுப்பிவிட்டோம் என்று இளவரசனுக்கு நெஞ்சு லேசானது. ரோட்டோரம் வீரமுத்துவின் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னான். பிறகு மஞ்சள் துணியைப் பற்றி மெல்லக் கேட்டான். வீரமுத்து டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"அதையா தொட்டீங்க? போன வெள்ளிக்கெழமதான் கருமாதி முடிஞ்சுது. ஆடு மேய்க்கிற பொம்பள. ஆடு வழுக்கி விழுந்துச்சுன்னு எறங்குனா. அவளத் தூக்க புருஷன் குதிச்சான். ரெண்டு பேரையும் பொணமாத்தான் எடுத்தோம். கருமாதிக்கு அவங்க ரெண்டு பேரா நெனச்சு நட்ட கல்லு ரெண்டையும் பிரிய வேணாம்னு ஒரே துணியில முடிஞ்சு தண்ணியில வுட்டாங்க."

"எந்தக் கல்லு யாருக்கு?"

"பெருசு அவனுக்கு. சின்னது அவளுக்கு."

இளவரசன் டீயை அப்படியே வைத்தான். செல்லதுரைக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தார்.

"இப்பத்தான் மச்சான் வூட்டுக்கு வந்தேன். வண்டி இழுக்கவே இல்ல. பின்னாடி டயருக்கு ரெண்டு தடவை காத்து புடிச்சேன், அப்பவும் அமுங்கியேதான் இருந்துச்சு."

"மாப்ள, பையில இருந்த கல்லு எங்க?"

"சத்யா எடுத்துட்டுப் போயிட்டா. மீன் உரச நல்லாருக்குன்னு கழுவி அடுப்படியில வச்சிருக்கா."

அந்த நேரத்தில் போனில், செல்லதுரைக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து கேட்டது.

"ட்ர்ர்... பா... பா..."

"மாப்ள... யாரு அது, ஆடு கூப்பிடுறது?"

செல்லதுரையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சத்யாதான் மச்சான்... நம்ம வூட்ல ஏது ஆடு?"