ஆயுத பூசைப் பொட்டு

அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்து ஹட்டனில் தேயிலை ஆலைகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் பட்டறையில் நாங்கள் இருவர் உலோகம் கடையும் இரண்டு லேத்துகளை ஓட்டினோம். என்னுடையது பாதி ஆட்டோமேட்டிக். ஒவ்வொரு வெட்டுக்கும் நான்தான் கைப்பிடியைத் தள்ள வேண்டும். கூட்டாளியுடையது முழு ஆட்டோமேட்டிக். உள்ளே சுழலும் தகட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப உளி தானாகவே முன்னும் பின்னும் போகும்.

"ஒன்னோடத கட்டி மேய்க்கணும். என்னோடது தன்னால வேல பாக்குது" என்று பீற்றிக்கொள்வான். எனக்கு எரிச்சலாக வரும்.

ஆயுத பூசையன்று அவன் ஆசையாக அந்தத் தகட்டின் விளிம்பிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தான். மறுநாள் துடைக்க மனம் வராமல் அப்படியே ஓட்டினான். காய்ந்த பொட்டு சுற்றி வரும்போதெல்லாம் உளி மயிரிழை கூடுதலாக அழுத்தியது. கொழுந்து உருட்டும் ரோலருக்கான பித்தளை ஆணிகள் அத்தனையிலும் ஒரே இடத்தில் மெல்லிய கோடு விழுந்திருந்தது.

"என் மெஷினா இருந்தா கையே காட்டிக் குடுத்திருக்கும். ஒன்னோடதுக்கு மூள கெடையாது" என்றேன்.

அவன் ஓர் ஆணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மூள இல்லாட்டி என்ன மச்சான்? நான் ஒரு பொட்டுத்தான் வச்சேன். அது எல்லாத்துக்கும் வச்சிருக்கு."