நான் மாற்றி வைத்த மூஞ்சி

சந்தோஷமாக இருப்பதும் இல்லாததும் நம் கையில்தான் இருக்கிறது என்று யாராவது பேச ஆரம்பித்தால் இப்போதெல்லாம் எழுந்து போய்விடுகிறேன். எதிரில் இருப்பவர் பெரிய ஆளாக இருந்தாலும் சரி. முன்பு நான் இப்படி இல்லை. நானே அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

அதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது என்று ஒரு நினைப்பு. கல்யாணமான ஆறாம் வருஷம் என் வீட்டுக்காரர் பென்னலூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் போய்விட்டார். மூன்று மாதம் சோறு தண்ணீர் இல்லாமல் அழுதேன். ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, போதும், இந்த ஆளுக்காக இனி ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது என்று தோன்றியது. அன்றைக்கே தலைக்குக் குளித்து நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் சேரப்பணஞ்சேரியில் வாடகைக்கு வீடு பார்த்தேன். காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்து வருஷத்தில் லைன் லீடர் ஆனேன். யாராவது பரிதாபமாகப் பார்த்தால், "இன்னா, நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று கேட்டு வாயை அடைப்பேன். நான் முடிவு பண்ணினேன், சந்தோஷமாக இருந்தேன். மற்றவர்களுக்கு என்ன வந்தது என்பது என் எண்ணம்.

அதனால்தான் கம்பெனிக்கு வந்த டிரெயினர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சந்தோஷம் உங்க சாய்ஸ்" என்று சொன்னபோது முதலில் கை தட்டியது நான். முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினேன். அவர் என்னை எழுப்பிவிட்டு, எல்லாரும் இந்த மேடத்தைப் போல இருக்க வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரமே ஒவ்வொரு லைனுக்கும் ஒரு போர்டு வந்தது. லைனில் வேலை செய்யும் இருபத்திரண்டு பேரின் போட்டோவும் அதில் ஒட்டியிருக்கும். வேலையில் நிற்பதற்கு முன்னால் அவரவர் போட்டோவுக்குப் பக்கத்தில் அவரவரே ஒரு காந்த மூஞ்சியை வைக்க வேண்டும். சிரிக்கும் பச்சை, சும்மா இருக்கும் மஞ்சள், உதடு கீழே வளைந்த சிவப்பு. யாராவது சிவப்பு வைத்தால், லீடர் அரை மணி நேரத்துக்குள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு என்ன ஏது என்று கேட்க வேண்டும். வீட்டில் அவசரம் என்றால் கேட் பாஸ் போட்டு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் வேறு ஆளை நிறுத்த வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சிவப்புக்கு ஒரு தாள் எழுத வேண்டும், அந்தத் தாள் மேலே போகும், மேலே இருந்து "உங்க லைன்ல மட்டும் ஏன்மா இப்டி?" என்று கேள்வி வரும். இரண்டு முறை அந்தக் கேள்வி வாங்கினேன். பிறகு காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன்: "யாரும் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வந்து நிக்காதீங்க. பச்ச வெச்சா மனசும் பச்சயாப் பூடும்." எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் என் லைன் தினமும் பச்சைப்பசேல்தான்.

என் எதிர்வீட்டுப் பெண்ணை இந்த வேலையில் சேர்த்துவிட்டது நான். என்னைவிடப் பத்து வயது சின்னவள். காண்ட்ராக்ட்டில் என் லைனிலேயே இருந்தாள். வாய் என்பதே கிடையாது. குழம்பில் உப்பில்லை என்றாலும் சொல்ல மாட்டாள், சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். அவளுடைய அம்மாவை மூச்சுத் திணறலுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அண்ணி கூட இருந்தாள். இவள் வேலை முடிந்து சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு நாள் அவளுக்கு ஓவர்டைம் விழுந்துவிட்டது. போட்டதும் நான்தான். அதற்குப் பரிகாரமாக அன்றைக்கு நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்து பாதி குடித்தார்கள். என் கொண்டையைப் பார்த்து, "இன்னாடி, தலைல பன்னு வாங்கி வெச்சிக்கினு வந்துகீற?" என்று கிண்டல்கூடப் பண்ணினார்கள்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதை அப்படியே சொன்னேன். "உங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது. நம்மள எல்லாம் வழி அனுப்பிட்டுத்தான் அது போவும், பாரு" என்றேன். அவள் பல் தெரியச் சிரித்தாள். அதற்கப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து கஸ்டமர்கள் வருவதாக இருந்தது. பரபரப்பில் நான் கேட்டில் இறங்கியதும் முன்னால் ஓடிவிட்டேன். போனையெல்லாம் கேட்டுக்குப் பக்கத்திலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், சாப்பாட்டு நேரம் வரை தொட முடியாது. அவள் பூட்டப் போகிற நேரத்தில் அண்ணியிடமிருந்து போன் வந்திருக்கிறது. 'அத்தைக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்குது, நீ ஒரு எட்டு வந்துட்டுப் போனா தேவல.' இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அவள் என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாதவள், போர்டில் சிவப்பை வைத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள்.

எட்டரை மணிக்குப் போர்டைப் பார்த்தேன். இருபத்தொரு பச்சை, ஒரு சிவப்பு. யார் என்று பார்த்தால் இவள். எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். பஸ்ஸில் அவ்வளவு சொல்லியும் இவளுக்குப் பயம் போகவில்லையே, இன்றைக்குப் பார்த்தா என் மானத்தை வாங்க வேண்டும் என்று நினைத்தேன். சிவப்பை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு பச்சையை வைத்தேன். அவள் எனக்கு முதுகு காட்டி வயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். நல்லதுதான் செய்தோம் என்றுகூட இருந்தது எனக்கு.

கஸ்டமர்கள் பத்து மணிக்கு வந்தார்கள். அந்தப் போர்டைப் போட்டோ எடுத்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. அவள் லாக்கரைத் திறந்து போனைப் பார்த்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி இருபது முப்பது முறை கூப்பிட்டிருக்கிறாள். கம்பெனி நம்பர் அவளுக்குத் தெரியாது. அந்த அம்மா பதினோரு மணிக்குப் போய்விட்டார்கள். நினைவு இருந்த வரைக்கும், "வந்துட்டாளா, வந்துட்டாளா" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

கம்பெனி கேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு பைக்கில் அரை மணி நேரம். எட்டரைக்குக் கிளம்பியிருந்தால் ஒன்பதுக்கெல்லாம் போயிருப்பாள். இரண்டு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்தக் கணக்கை நான் எத்தனை முறை போட்டேன் என்று எனக்கே தெரியாது. என்ன முயன்றும் அந்த இரண்டு மணி நேரம் குறையவே இல்லை.

சாவு வீட்டில் எல்லாரும் அவளிடம், லீவு கேட்டிருக்கக் கூடாதா என்றார்கள். "நான்தான் வாயத் தொறந்து கேட்டிருக்கணும், என் தப்புதான்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அங்கேதான் நின்றேன். வந்தவர்களுக்கெல்லாம் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தாள். ஒழுங்காகப் பச்சை வைத்தாள். எனக்குத்தான் எதுவும் முடியவில்லை. பழையபடி முடிவெடுத்துப் பார்த்தேன். தலைக்குக் குளித்தேன், நல்ல புடவை கட்டினேன், கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கூடப் பார்த்தேன், வெட்கக்கேடு. என்னை விட்டுவிட்டு ஒருவன் போனதை மறக்க முடிவெடுத்தால் போதுமாக இருந்தது. இன்னொருத்திக்கு நான் செய்ததை எந்த முடிவு எடுத்து மறப்பது?

மூன்று மாதம் தாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். அப்புறம் சொல்லிவிட்டேன். சிவப்பை எடுத்தது நான், பச்சையை வைத்தது நான் என்று. அவள் என்னை அடிக்க வேண்டும் என்று இருந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டாலாவது போதும்.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்க்கா. டேப் எடுக்கத் திரும்பினேன். நீங்க மாத்தறத பார்த்தேன்."

கையிலிருந்த கொத்தைக் கீழே போட்டேன். "பார்த்தியா? பார்த்துட்டு ஏன்டி ஓடியாந்து கேக்கல? இன்னாக்கா இப்டி பண்றன்னு என் சட்டையப் புடிச்சிக் கேட்டிருக்கலாமேடி!"

"எதுக்குக் கேக்கணும்?" என்றாள். "மொத நாள் போயி அம்மாவப் பார்த்துட்டு வந்தவங்க நீங்க. அண்ணி போன் பண்ணதுலேர்ந்து எனக்குக் கையெல்லாம் ஒதறிக்கினே இருந்திச்சி. நீங்க பச்சய வெச்சத பார்த்தேனா, சரி, அக்காவே வெக்கிறாங்கன்னா அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிக்கினேன். கை ஒதறல் நின்னுடுச்சி. மத்தியானம் வரைக்கும் சந்தோஷமாத்தான்க்கா வேல பார்த்தேன்."