திறைசேரிக்குத் திரும்பிய கிணறு

மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு, புதிதாகக் கட்டிய மதகைச் செருப்புக் காலால் உதைத்துப் பார்க்கிறார் றாஹிலா. கல்முனைப் பக்கத்து அரச அலுவலகம் ஒன்றின் கணக்காளர் அவர். மதகு பார்க்கத் தொழில்நுட்ப அலுவலர் இருக்கிறார். ஆனாலும் டிசம்பர் பிறந்தால் றாஹிலாவைக் கதிரையில் காண முடியாது. முப்பத்தோராந் தேதியோடு அரசாங்கத்தின் நிதியாண்டு முடிகிறது. அதற்குள் செலவாகாத ஒதுக்கீடு திறைசேரிக்குத் திரும்பிவிடும். "காசுக்கும் மவுத்து இரிக்கி" என்பார், சிரிக்காமல்.

காசின் அந்தச் சாவுக்குப் பயந்து, முடியாத வேலையை முடிந்ததாக எழுதிப் பணத்தை எடுத்துவிடுவது சில இடங்களில் நடப்பதுதான். சுனாமிக்கு அடுத்த ஆண்டு அவருடைய தங்கையின் புதுவீடு அப்படித்தான் 'முடிந்தது'. கட்டியவர் பணத்தோடு போய்விட்டார். தங்கை கூரையில்லாத சுவர்களுக்குமேல் தறப்பாள் கட்டி இரண்டு மாரியைக் கழித்தாள்.

யுத்தம் முடிந்த வருடம் நாவிதன்வெளிப் பக்கம் ஒரு குடிநீர்க் கிணற்றுக்குப் பணம் வந்தது, அதுவும் ஒக்டோபரில். பாதி தோண்டுவதற்குள் மாரி இறங்கிவிட்டது. டிசம்பர் கடைசியில், கிணற்று வேலையை எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் றஸாக் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ராத்தா, ஒரு கையெழுத்துத்தானே. மறுகா ஜனவரியில முடிச்சித் தாறன்."

"தோண்டின மட்டுக்குக் காசு எடுங்க. தோண்டாத கிணத்துக்கு நான் ஒப்பம் வெக்க மாட்டன்."

மிச்சப் பணம் திரும்பிப் போயிற்று. அந்தக் கிணற்றை நம்பியிருந்த ஊரிலிருந்து கனகேஸ்வரி என்ற பெண் அலுவலகத்துக்கே வந்து, எல்லோரும் பார்க்க ஏசினார்.

"எத்தின வருசம் கழிச்சி எங்களுக்கெண்டு வந்த காசு. உங்கட கையால திருப்பி அனுப்பிட்டீங்களே மிஸ்."

றாஹிலாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஓம் அக்கா, அனுப்பினது நான்தான். கொண்டு வாறதும் என்ட பொறுப்பு" என்றார்.

புது வருடம் பிறந்ததும் மாவட்டச் செயலகமான அம்பாறைக் கச்சேரிக்கு பஸ் ஏறத் தொடங்கினார். அது போன வருடத்துக் கிணறு, இந்த வருடக் கணக்கில் இல்லை என்று அங்கிருந்த அதிகாரிகள் கையை விரித்தார்கள். "அந்தச் சனம் இந்த வருசமும் குளத்துத் தண்ணிதான் குடிக்கிது சேர்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் போய் வாங்கில் உட்கார்ந்தார். பங்குனியில் புது ஒதுக்கீடு கிடைத்தது. றஸாக்கே வந்து கிணற்றைக் கட்டி முடித்தார்.

முதல் வாளித் தண்ணீரைக் கனகேஸ்வரி செம்பில் ஊற்றி நீட்டினார். றாஹிலா ஈரத் தரையிலேயே குந்தி, பிஸ்மில்லாஹ் சொல்லி, செம்பு வெறுமையாகும்வரை குடித்தார். முக்காட்டு நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஊற்றச் சொல்லிச் செம்பைத் திரும்பவும் நீட்டினார்.